துளசித் தேநீர்க் கலவைகளில் துளசியே தெரியவில்லை, எப்படி ருசி பார்ப்பது?

நிலாவெளி வாசகி:
திருகோணமலை டவுனில் மூன்று வகை வாங்கி ஒரு கிழமையாகக் குடிக்கிறேன். இஞ்சி சேர்த்ததில் இஞ்சிதான் முன்னுக்கு நிற்கிறது, அதிமதுரம் போட்டதில் இனிப்பு தொண்டையை விட்டுப் போகவே இல்லை, தனித் துளசியில் மட்டும் கராம்பு வாசம் வருகிறது, ஆனால் பெட்டியில் கராம்பு என்று எழுதவில்லை. பழசா?

மலைமுரசு:
பழசு இல்லை அக்கா. கராம்புக்கு வாசம் தருகிற யூஜெனோல் எண்ணெய் துளசியிலும் இருக்கிறது. அது ஆவியோடு போய்விடும், அதனால் கோப்பையைக் கட்டாயம் மூடி வையுங்கள், 5 நிமிடம் போதும். மூன்றையும் ஒரே நேரத்தில், ஒரே அளவு தண்ணீரில், சீனி இல்லாமல் ஊற்றி, தனித் துளசியை முதலில் குடியுங்கள். இஞ்சி கடைசியில். இஞ்சிக் காரம் நாக்கில் ஏறினால் பிறகு ஒன்றும் தெரியாது.

உப்புவெளி:
தண்ணீரையும் பாருங்கள். எங்கள் கிணறு கடலுக்குக் கிட்ட, கொஞ்சம் உவர், அதில் ஊற்றினால் எந்தக் கலவையும் சப்பென்றுதான் இருக்கும். நான் முற்றத்துக் கருந்துளசியை நிழலில் காயவைத்து வேர்க்கொம்பு (சுக்கு) ஒரு சிட்டிகை சேர்ப்பேன், பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடித்தால் அந்தக் காரமும் இனிப்பும் அவ்வளவு பொருத்தம். பச்சை நிறத் துளசி வகை இதைவிட மென்மை.

மலைமுரசு:
இன்னொன்று, இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களும் கர்ப்பிணிகளும் டொக்டரிடம் கேட்டுவிட்டுக் குடியுங்கள்.

நிலாவெளி வாசகி:
மூடி வைத்துப் பார்த்தேன், வாசமே வேறு! கருந்துளசிக் கன்று ஒன்று கிடைக்குமா?

உப்புவெளி:
விதை இருக்கிறது, தருகிறேன்.