சீஇஏ 4.2 இருந்தது 7.1 ஆனது: நோய் திரும்பியதா, லேப் மாறியதாலா?

மோலமைன் (பர்மா) லேப்: பெருங்குடல் புற்றுக்கு ஆபரேஷன் முடிந்து எட்டு மாதமானவர். மூன்று மாதம் முன்பு ரங்கூனில் எடுத்த சீஇஏ (குடல் புற்றில் ரத்தத்தில் ஏறக்கூடிய புரதம்) 4.2. இப்போது எங்கள் மெஷினில் 7.1. ஆள் சுருட்டுப் பழக்கத்தை இன்னும் விடாதவர். உடனே சிடி எடுக்கச் சொல்லலாமா என்று டாக்டர் கேட்கிறார். இன்னொருவர் ஹெபடைடிஸ் பி நோயாளி, ஸ்கேனில் ஈரலில் 3 செ.மீ. கட்டி, ஆனால் ஏஎஃப்பி (ஈரல் புற்றில் ஏறக்கூடிய ரத்தப் புரதம்) 9 தான். பிவ்கா-2 (ஈரல் புற்றுக்கான இன்னொரு ரத்தப் பரிசோதனை) பார்க்க ரங்கூனுக்கு அனுப்பினால் பயனுண்டா? இங்கே கரண்ட் நிலைமை தெரிந்ததுதானே.

ரங்கூன் பயோகெமிஸ்ட்: தம்பி, முதலில் இரண்டு இடத்திலும் எந்த கம்பெனி கிட் என்று பாருங்கள். கிட்டில் சீஇஏவைப் பிடிக்கும் ஆன்டிபாடி வேறானால் அதே ரத்தத்துக்கே எண் மாறும். பழைய சீரம் மிச்சமிருந்தால் அதையும் புதியதையும் ஒரே மெஷினில் ஓட்டுங்கள். இல்லாவிட்டால் 7.1ஐ முதல் எண்ணாக வைத்து, அதே மெஷினில் இரண்டு மூன்று வாரத்தில் மறுபடி எடுங்கள்.

சுருட்டைக் குறை சொல்லித் தப்பிக்க முடியாது. புகைப்பவருக்கு 5க்கு மேல் இருப்பது சகஜம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அன்றும் அதே சுருட்டுதானே குடித்தார்? ஏறியதற்கு அது காரணமாகாது. ஆக்ஸாலிபிளாட்டின் என்ற கீமோ மருந்து ஆரம்பித்த முதல் 4-6 வாரத்தில் பொய்யாக ஏறும், அதைக் கேளுங்கள். முடி, நகத்துக்கென்று 5-10 மி.கி. பயோட்டின் வைட்டமின் விழுங்குகிறாரா என்பதையும் கேளுங்கள். பயோட்டின்-ஸ்ட்ரெப்டாவிடின் வகை கிட்டில் அது எண்ணைக் குறைத்துக் காட்டும், அதாவது உண்மை 7.1க்கும் மேலே இருக்கலாம்.

அனுப்பும் விஷயம்: ரத்தம் உறைய அரை மணி நேரம் விட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் சென்ட்ரிஃபியூஜில் சுற்றி, சீரத்தைத் தனிக் குழாயில் பிரித்துவிடுங்கள். கரண்ட் போய் வரும் ஃப்ரீசரில் உறைந்து இளகி மறுபடி உறைவதைவிட, ஐஸ் பேக்கோடு பெட்டியில் 2-8 டிகிரியில் அன்றிரவு பஸ்ஸிலேயே ஏற்றுவது மேல்.

ஈரல் டாக்டர்: ஈரல் புற்றில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு ஏஎஃப்பி ஏறாது. 9 என்பதால் கட்டியை விட்டுவிடாதீர்கள். மூன்று கட்ட சிடி அல்லது எம்ஆர்ஐ வேண்டும்: தமனிக் கட்டத்தில் பளிச்சென்று தெரிந்து, பிறகு மங்கினால் பெரும்பாலும் அதுவேதான்.

பிவ்கா-2 அனுப்புங்கள், ஆனால் வார்ஃபாரின் (ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து), பித்தக் குழாய் அடைப்பால் வரும் மஞ்சள் காமாலை, வைட்டமின் கே குறைவு, இவற்றில் எதுவானாலும் அதுவும் ஏறும். பிலிருபினும் (காமாலை அளவு) ஐஎன்ஆரும் (ரத்தம் உறையும் நேரத்தின் அளவு) பார்க்காமல் அந்த எண்ணைப் படிக்கவே கூடாது. பொதுவான வரம்பு மி.லி.க்கு 40 எம்ஏயு அலகு. மிக அதிகமானால் ரத்தக் குழாய்க்குள் கட்டி புகுந்திருக்கும் சந்தேகம் வலுக்கும், ஆபரேஷனுக்குப் பின் திரும்பி வரும் வாய்ப்பும் கூடும்.

ஏஎஃப்பி வெறும் கண்டுபிடிப்புக் கருவி இல்லை. 400ஐத் தாண்டினால் போக்கு மோசம். சோராஃபெனிப் என்ற ஈரல் புற்று மருந்துக்குப் பிறகு ராமுசிருமாப் மருந்து தருவதும் 400க்கு மேல் உள்ளவருக்கே. ஏஎல்டி (ஈரல் பாதிப்பைக் காட்டும் நொதி) எகிறும்போது ஏஎஃப்பியும் கூட ஏறி, ஹெபடைடிஸ் பி மருந்தான டெனோஃபோவிரில் இரண்டும் இறங்கினால் அது வைரஸ் வேலை. ஏஎல்டி இறங்க ஏஎஃப்பி ஏறினால்தான் பயம். ஏஎஃப்பி ரிப்போர்ட் ஐயு அலகில் வந்தால் 1.21ஆல் பெருக்கி நானோகிராமாக்குங்கள், இரண்டையும் கலந்து எழுதிவிட்டு 20% ஏறிவிட்டது என்று பதறுவோர் உண்டு.

மோலமைன் லேப்: நன்றி ஐயா, அண்ணே. பழைய சீரம் இல்லை. ஃபைலைப் புரட்டினேன்: ஆபரேஷனுக்கு முன் சீஇஏ 31. கீமோ முடிந்து இரண்டு மாதமாகிறது. பயோட்டின் இல்லை.

ரங்கூன் பயோகெமிஸ்ட்: அப்படியானால் இவர் கட்டி சீஇஏ சுரக்கிற வகை, எண்ணை நம்பலாம். இரண்டே வாரத்தில் மறுபடி எடுங்கள், ஏறியிருந்தால் மார்பு, வயிறு, இடுப்பு சிடி. ஏறாவிட்டாலும் மூன்று மாதத்துக்கொருமுறை, ஒரே லேபில். பயாப்ஸி பிளாக்கில் எம்எல்எச்1, பிஎம்எஸ்2, எம்எஸ்எச்2, எம்எஸ்எச்6 ஆகிய டிஎன்ஏ பிழை திருத்தும் புரதங்களுக்குச் சாயமிட்டார்களா என்றும் பாருங்கள். பக்கத்தில் உள்ள, சாயம் பிடித்தே ஆக வேண்டிய லிம்போசைட் (வெள்ளையணு) கருவிலும் சாயம் பிடிக்காத ஸ்லைடு என்றால் திசுவைப் பதப்படுத்த ஃபார்மலினில் போட்டதிலேயே கோளாறு, 'புரதம் இல்லை' என்று எழுதியிருந்தாலும் நம்பாதீர்கள்.