இடைக்கால ஐரோப்பிய மெய்யியல் வரலாற்றை எங்கிருந்து படிக்கத் தொடங்குவது?

கேள்வி – ஏட்டுச்சுவடி

வணக்கம். முதுகலையில் மெய்யியல் படிக்கிறேன். எங்கள் பாடத்திட்டம் அரிஸ்டாட்டிலை முடித்த கையோடு அகஸ்டின், அன்செல்ம், தாமஸ் அக்வினாஸ் மூவரையும் சில வகுப்புகளில் தொட்டுவிட்டு நேராக டெக்கார்ட்டுக்குப் போய்விடுகிறது. இடைக்காலத்தில் நடந்தது இறையியல்தான், மெய்யியல் அல்ல என்று வகுப்பில் கூறப்பட்டது. 13ஆம் நூற்றாண்டுப் பாரிஸைப் பற்றி ஆய்வேடு எழுத விரும்புகிறேன். அந்தக் கருத்து எவ்வளவு தூரம் சரி? இலத்தீன் தெரியாமல் இத்துறையில் இறங்கலாமா?

மறுமொழி – வடதிசை

அந்தக் கருத்து பாரிஸ் பல்கலைக்கழகத்தின் அமைப்பையே கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. அங்கே மெய்யியல் கற்பித்த கலைப் புலமும் இறையியல் புலமும் தனித்தனியே இயங்கின. அரிஸ்டாட்டிலின் இயற்கை பற்றிய நூல்களைக் கற்பிக்க 1210இல் தடை விதிக்கப்பட்டது. 1255இலோ அதே நூல்கள் கலைப் புலத்தின் பாடத்திட்டத்தில் முறைப்படி இடம்பெற்றுவிட்டன. அந்த நூல்களை அவற்றின் தருக்கத்தை ஒட்டியே விளக்கிய பிரபான்டின் சீகர், டேசியாவின் (டென்மார்க்) போயத்தியஸ் போன்ற கலைப் புல ஆசிரியர்கள்மீது எழுந்த கவலைதான், பாரிஸ் ஆயர் எத்தியென் தம்பியே 1277 மார்ச் 7 அன்று 219 கூற்றுகளைக் கண்டித்து ஆணையிட்டதற்கு முக்கியக் காரணம். இறையியலுக்கு வெளியே மெய்யியலே இல்லை என்றால் ஆயர் எதைக் கண்டித்தார்?

ஆய்வேட்டுக்கு ஒரே ஒரு வினாவைப் பிடித்துக்கொள்ளுங்கள். உலகத்துக்குத் தொடக்கம் உண்டா என்பது மிக நல்ல வினா. தொடக்கமின்றிப் படைக்கப்பட்ட உலகம் என்பதே முரண்பாடு என்றார் பாரிஸ் இறையியலாளர் பொனவெந்தூரா. அக்வினாஸோ, உலகம் தொடங்கியது என்பதை நம்பலாம், ஆனால் நிறுவிக் காட்ட முடியாது என்று ‘சும்மா தியோலொகியே’ (இறையியல் தொகுப்பு) என்ற தம் நூலின் முதற்பகுதி, 46ஆம் வினாவில் எழுதுகிறார். அங்கே அகஸ்டின் வழியாக வரும் ஓர் எடுத்துக்காட்டைக் கவனியுங்கள்: ஒரு கால் அனாதிகாலமாகப் புழுதியில் பதிந்தே இருந்திருந்தால் அதன் சுவடும் அனாதியாகவே இருந்திருக்கும், ஆயினும் அது காலால் உண்டான சுவடுதான். காரணம் காலத்தால் முந்தியிருக்க வேண்டுமா என்ற இந்தச் சிக்கலைத் தூய மெய்யியல் என்று சொல்லாமல் வேறு என்னவென்று சொல்வது?

இந்நூல்கள் முதலில் எதிர்வாதங்களைத் தடைகளாக அடுக்கி, பிறகு ஆசிரியரின் முடிபைத் தருபவை; பரபக்கம் (பிறர் கொள்கை), சுபக்கம் (தன் கொள்கை) என்று பிரித்துப் படித்துப் பழகியவர்களுக்கு இந்த நடை எளிதில் வசப்படும். ஆனால் ஓர் எச்சரிக்கை: முதலில் வரும் தடைகளை ஆசிரியரின் கருத்தாக மேற்கோள் காட்டிவிடாதீர்கள். பல மாணவர் கட்டுரைகள் இங்கேதான் சறுக்குகின்றன. முடிபுக்குப் பின் ஒவ்வொரு தடைக்கும் அவர் தரும் விடையில்தான் நுட்பமான வேறுபாடுகள் வெளிப்படும்.

மறுமொழி – மைக்கூடு

இலத்தீன் இன்றித் தொடங்கலாம், தொடர முடியாது. 1879இல் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ அக்வினாஸைக் கற்கும்படி வலியுறுத்தியதை அடுத்து அவருடைய நூல்களுக்குச் சிறந்த பதிப்புகளும் மொழிபெயர்ப்புகளும் பெருகின; கலைப் புல ஆசிரியர்களின் உரைகள் பலவோ இன்னும் கையெழுத்துப் படிகளிலேயே கிடக்கின்றன. அவற்றைப் படிக்க இலக்கணம் மட்டும் போதாது, சுருக்கெழுத்து முறையும் தெரிய வேண்டும். இலத்தீன் ‘பி’ (p) எழுத்தின் காலில் குறுக்குக் கோடு இருந்தால் ‘பெர்’, தலைக்கு மேல் இருந்தால் ‘ப்ரே’, கால் இடப்பக்கம் வளைந்தால் ‘ப்ரோ’ என்று வாசிக்க வேண்டும். ஒரு கோட்டைத் தவறவிட்டால் வாதமே திசைமாறிவிடும். முதுகலை ஆய்வேட்டுக்கு இந்த அளவு தேவையில்லை. முனைவர் பட்டம் வரை போகும் எண்ணம் இருந்தால் இலத்தீனை இன்றே தொடங்குங்கள்.

மறுமொழி – நிலாமுற்றம்

பாரிஸை மட்டும் பார்த்தால் படம் பாதிதான். அங்கே அரிஸ்டாட்டிலைப் படித்தவர்கள் இஸ்லாமிய மெய்யியலாளர்களான இப்னு சீனாவையும் இப்னு ருஷ்தையும் உடன் வைத்துக்கொண்டுதான் படித்தார்கள். இப்னு ருஷ்த் அரிஸ்டாட்டிலின் ‘ஆன்மா’ பற்றிய நூலுக்கு எழுதிய பேருரை இன்று முழுமையாகக் கிடைப்பது இலத்தீன் மொழிபெயர்ப்பில்தான். அரபு மூலத்தில் சிதறிய பகுதிகளே எஞ்சியுள்ளன. மெய்யியலாளர்களை மறுப்பதற்கு முன்னோடியாக அவர்களுடைய கொள்கைகளை இஸ்லாமிய இறையியலாளர் அல்கஸாலி தொகுத்து எழுதிய நூலை, அதுவே அவருடைய சொந்தக் கொள்கை என்று நம்பி இலத்தீன் வாசகர்கள் அவரை இப்னு சீனாவின் மாணவராகவே கருதினார்கள். உலகத்தின் தொடக்கம் பற்றிய வினாவை எடுப்பதானால் அல்கஸாலியையும் யூத மெய்யியலாளர் மைமோனிதீஸையும் விட்டுவிடாதீர்கள்.

ஏட்டுச்சுவடி

மூவருக்கும் மிக்க நன்றி. உலகத்தின் தொடக்கம் பற்றிய வினாவையே எடுத்துக்கொள்கிறேன். அக்வினாஸையும் போயத்தியஸையும் ஒப்பிட்டால் ஓர் ஆய்வேட்டுக்குப் போதுமா?

வடதிசை

தாராளமாகப் போதும். இருவரும் தொடக்கத்தை நிறுவ முடியாது என்பதில் ஒன்றுபடுகிறார்கள். இயற்கை பற்றிய அறிவுத்துறையின் அடிப்படைகளுக்குள் நின்று பேசுபவர் அந்தத் தொடக்கத்தை ஏற்க இயலாது என்று போயத்தியஸ் ஒரு படி மேலே போகிறார். அந்த ஒரு படியை விளக்குவதே உங்கள் ஆய்வேடாக இருக்கட்டும்.