மான்செஸ்டருக்கு வரும் நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு: ‘புஸ்’, ‘குப்’, அப்புறம் ஒரு டீ

கோவையைத் ‘தென்னிந்தியாவின் மான்செஸ்டர்’ என்று சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். நிஜ மான்செஸ்டரில் வந்து இறங்கினால் முதல் வாரம் ஒன்றும் புரியாது. ஈரோடு, திருப்பூர் பக்கமிருந்து புதிதாக வந்த நாலு பேர் இந்த மாதம் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: “ஏனுங்க, ஐஈஎல்டிஎஸ் இங்கிலீஷ் பரீட்சையில 7.5 வாங்கியிருக்கறேன், பஸ் டிரைவர் பேசறது புரியவே மாட்டேங்குதுங்களே?”

குறை உங்கள் காதில் இல்லைங்க. நமக்குப் பாடமாக வந்தது இங்கிலாந்தில் ஒரு சிறு கூட்டத்தின் பேச்சு. 1917-ல் டேனியல் ஜோன்ஸ் உச்சரிப்பு அகராதி போட்டபோது, பிள்ளைகளைப் பெரிய விடுதிப் பள்ளிகளுக்கு அனுப்ப வசதியிருந்த தெற்கத்திக் குடும்பங்களின் பேச்சைத்தான் அளவாக வைத்தார். பிற்பாடு பிபிசி ரேடியோவிலும் அந்தக் குரலே ஒலித்தது. 1941-ல் வில்ஃப்ரட் பிக்கிள்ஸ் வடக்கு இங்கிலாந்தின் யார்க்ஷயர் பேச்சை மறைக்காமல் செய்தி வாசித்ததற்குக் கேட்டவர்களிடமிருந்து எதிர்ப்பு கிளம்பியது. அவர் பிறந்த ஹாலிஃபாக்ஸ் இங்கிருந்து அதிக தூரமில்லை. நம்ம ஊர்கள் மாதிரியே மில்களை நம்பி வளர்ந்த ஊர்.

வடக்கே ‘பஸ்’ கிட்டத்தட்ட ‘புஸ்’ என்றும், ‘கப்’ ‘குப்’ என்றும் காதில் விழும். தெற்கே ‘பாத்’ என்று நீட்டுவதை இங்கே ‘பத்’ என்று குறுக்குவார்கள். ‘வாட்டர்’ என்பதில் நடுவிலிருக்கும் ஒலியைத் தொண்டையிலேயே விழுங்கிவிடுகிறவர்களும் உண்டு. கடைக்கார அம்மா ‘லுவ்’ என்று கூப்பிட்டால் பதறாதீர்கள். நம்ம ஊரில் முன்பின் தெரியாத பிள்ளையையும் ‘கண்ணு’ என்கிறோமே, அதேதான்.

பக்கத்து வீட்டுப் பெரியவர் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வந்த புதிதில் என்னை “சனிக்கிழமை டீக்கு வா” என்று அழைத்தார். வீட்டில் நாலு தோசை சாப்பிட்டுவிட்டு ஐந்தரைக்குப் போனேன். மேசையில் மசித்த உருளைக்கிழங்கு, பட்டாணி, ஆட்டுக்கறி, மேலே ஊற்றச் சூடாகக் குழம்பு. டீத்தூள் வாசமே இல்லை. அந்த அம்மா எனக்கென்று பெரிய தட்டாக எடுத்து வைத்திருந்ததைப் பார்த்ததும் மறுக்க மனம் வரவில்லை. வடக்கத்தி உழைப்பாளிக் குடும்பங்களில் ‘டீ’ என்றால் பொழுதோட, அதாவது சாயங்காலம், சாப்பிடும் சாப்பாடு, ‘டின்னர்’ மதியச் சாப்பாடு. பள்ளிக்கூடத்தில் மதியம் பரிமாறுபவருக்கு ‘டின்னர் லேடி’ என்று பெயர் வந்ததும் அதனால்தான். காலையில் வருவதை ‘வெடியால வர்றேன்’ என்று நாம் சொன்னால் சென்னைக்காரர் முழிப்பாரே, அந்த மாதிரி.

காது கேட்கவில்லை என்றால் ‘பார்டன்’ சொல்வதுதான் மரியாதை என்று ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். மேல்தட்டுக்காரர்கள் அந்தச் சொல்லைத் தவிர்ப்பார்கள் என்று 1954-லேயே ஆலன் ராஸ் என்ற பேராசிரியர் எழுதிவிட்டார். ‘சாரி?’ என்று கேளுங்கள், எங்கேயும் செல்லும்.

இனிச் சொல்வதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். நான் கோபிக்குப் பக்கத்தில் தமிழ் மீடியத்தில் படித்தவன். கோவையில் முதல் வேலையில், மீட்டிங்கில் ‘இஸ்கூல்’ என்று சொன்னதற்கு இரண்டு பேர் சிரித்தார்கள். அதற்குப் பிறகு இரண்டு வருஷம் அங்கே நான் வாயைத் திறக்கவில்லை. கான்வென்டில் படித்த நண்பரும் நானும் இங்கே ஒரே அலுவலகத்தில் இருக்கிறோம். இவர்கள் காதில் எங்கள் இரண்டு பேர் பேச்சும் இந்திய ஆங்கிலம், அவ்வளவுதான். இவர்களுடைய ஏற்றத்தாழ்வு வேறு: லிவர்பூலா, பர்மிங்காமா, அப்பாவுக்கு என்ன வேலை என்பதை ஒருவர் வாய் திறந்ததும் எடைபோட்டுவிடுவார்கள். லிவர்பூல்காரியான என் மேலதிகாரி, இன்டர்வியூவுக்குப் போகும்போது பேச்சை மாற்றிக்கொள்வேன் என்று என்னிடமே சொல்லியிருக்கிறார். அதனால் தமிழ் மீடியம் என்று கூசிக்கொண்டு பின்வரிசையில் உட்காராதீர்கள் சாமி, கேட்க வேண்டியதைக் கேளுங்கள்.

இவர்கள் மாதிரிப் பேசிக் காட்டவும் வேண்டாம். அழுத்தத்தை மட்டும் கவனியுங்கள். நாம் ‘ஹோட்டல்’ என்பதில் ‘ஹோ’வை அழுத்துகிறோம், இவர்கள் ‘டெல்’லை அழுத்துவார்கள். டாக்சியில் மூன்று தடவை சொல்லியும் புரியாதது, அழுத்தத்தை மாற்றியதும் புரிந்தது.

புரியாத சொல் ஏதாவது காதில் விழுந்தால், கேட்டபடியே தமிழில் எழுதிக் கீழே போடுங்க. எந்த ஊர், யார் சொன்னது என்றும் சேர்த்துப் போட்டால் கண்டுபிடிக்கச் சுலபம்.