குமரி மாவட்டத்தில் வீதி நாடகம்: இடம், நேரம், காற்று, துண்டு

அண்டி ஆபீஸ் (முந்திரி ஆலை) பெண்கள், ரப்பர் பால்வெட்டுக்காரர்கள், கடற்கரை மக்கள் நடுவில் நாடகம் போடுகிறவர்கள் கண்டதை எழுதுங்கள். சொந்தக் கதை வேண்டாம், அடுத்த குழுவுக்கு உதவுவது போதும்.

கருங்கல் பக்கத்திலிருந்து

அண்டி ஆபீஸ் வாசலில் சாயங்காலம் 5 மணிக்குப் போட்டால் பாதியில் கூட்டம் கலையும். பஸ்ஸை விட்டால் அடுத்தது எப்போதென்று தெரியாது. மதிய இடைவேளை அதைவிட மோசம். அண்டி தல்லுகிறவர்களுக்கு, அதாவது முந்திரிக்கொட்டை உடைக்கிறவர்களுக்கு, கிலோ கணக்கில் கூலி. அரைமணி நேரம் நின்று பார்த்தால் அந்த அரைமணிக் கூலி போச்சு. நாடகம் இலவசம் என்பது நமக்குத்தான். அவர்கள் குடியிருக்கும் பகுதிக்கே போங்கள், இரவு 7 மணிக்கு, 35 நிமிடத்துக்குள் முடியுங்கள். சீரியலோடு போட்டி உண்டு, அதை ஒத்துக்கொள்ள வேண்டும்.

அண்டி தல்லுவதை நடித்துக் காட்டுவதாக இருந்தால் முதலில் கற்றுக்கொண்டு வாருங்கள். கொட்டையின் தோட்டிலிருந்து வரும் எண்ணெய் கையைப் பொள்ளாமலிருக்க இடையிடையே விரல் சாம்பலைத் தொட்டு மீளும். அதை விட்டுவிட்டு வெறுமனே கொட்டாப்புளியை (மரச்சுத்தியலை) ஓங்கினால் முன்வரிசையிலிருந்து குரல் வரும்: “மக்கா, சாம்பலு எங்க?” அதன்பிறகு எந்த வசனமும் எடுபடாது.

குலசேகரம் பக்கத்திலிருந்து

பால்வெட்டுக்காரர்கள் விடியுமுன் நெற்றிவிளக்கோடு தோட்டத்தில் நிற்க வேண்டியவர்கள். இரவு 8 மணிக்கு மேல் நாடகத்தை இழுத்தால் பெரியவர்கள் எழுந்து போய்விடுவார்கள், பிள்ளைகள்தான் மிஞ்சும். மரம் இலை உதிர்த்து வெட்டு நிற்கும் வாரங்களில் நேரம் கிடைக்கும். ஆனால் கையில் காசு இருக்காது, அப்போது காசு கேட்டுத் துண்டு ஏந்தாதீர்கள்.

குளச்சல் பக்கத்திலிருந்து

கடற்கரையில் வட்டமாக ஆடுவது வீண். சாயங்காலக் காற்று கடலிலிருந்து வரும், காற்றை எதிர்த்துப் பேசுகிற பக்கம் உட்கார்ந்தவர்களுக்கு உதடு அசைவதுதான் தெரியும். அரைவட்டமாக உட்காரவையுங்கள். நடிகர்கள் முதுகு கடலுக்கு, கூட்டத்தின் முகம் கடலுக்கு. அப்படி வைத்தால் மேற்கு வெயில் கூட்டத்தின் கண்ணில் அடிக்கும், அதனால் சூரியன் விழுந்த பிறகே தொடங்க வேண்டும். ஒலிபெருக்கி இல்லாமல் நூறு, நூற்றைம்பது பேர்வரை சமாளிக்கலாம்.

வெளிச்சத்துக்கு 50 வாட்ஸ் எல்.ஈ.டி. ஃபோகஸ் இரண்டு போதும். ஆளுயரத்துக்கு மேல், எட்டடியில், இரண்டு மூலைகளிலிருந்து சாய்த்துக் கட்டுங்கள். ஒன்றே ஒன்றை நேர் எதிரே வைத்தால் நடிகர்களுக்குக் கண் கூசும், ஒருவர் நிழல் இன்னொருவர் முகத்தில் விழும்.

பறையின் தோல் உப்புக்காற்றில் தொய்ந்து ‘தொப் தொப்’ என்றாகும். காய்ந்த ஓலை ஒரு கட்டு கொண்டுபோங்கள், தொடங்குவதற்குச் சற்றுமுன் காய்ச்சினால்தான் பலன். முக்கால் மணி நேரம் முன்பே காய்ச்சிவைத்தால் ஓலைதான் வீண்.

மீன்பிடித் தடைக்காலம் மேற்குக் கரைக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. விசைப்படகுக்காரர்கள் கரையில் இருப்பார்கள், மழையும் கூடவே இருக்கும். பங்குத்தந்தையிடம் முன்கூட்டியே பேசி கூரையுள்ள ஏலக்கூடமோ பங்கு மண்டபமோ வாங்கிக்கொள்வது நல்லது. மற்ற மாதங்களில் ஞாயிறு சாயங்காலம்.

தக்கலையிலிருந்து

அனுமதி பற்றி. நாடகப் பிரதியைக் காவல்துறையிடம் முன்கூட்டிக் காட்டச் சொன்னது 1954ஆம் ஆண்டு தமிழ்நாடு நாடக நிகழ்ச்சிச் சட்டம். பத்திரிகையாளரும் நாடகக்காரருமான ஞாநி தொடுத்த வழக்கில் 2013இல் சென்னை உயர் நீதிமன்றம் அதன் பிரிவுகளைச் செல்லாது என்றது. அதனால் பிரதி கேட்டால் இதைச் சொல்லலாம். ஆனால் ஒலிபெருக்கிக்குத் தனியாக அனுமதி வேண்டும், இரவு 10 மணிக்குப் பிறகு அதுவும் கிடையாது. மனுவில் இடம், நேரம், ஆள் எண்ணிக்கை, பொறுப்பாளர் கைபேசி எண் எழுதி, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். வாய்மொழியாகக் கிடைத்த ‘சரி’ ஆள் மாறினால் மாறும்.

கருங்கல் பக்கத்திலிருந்து, மறுபடியும்

துண்டு ஏந்துவது கடைசிப் பாட்டுக்கு முன்னால். முடிந்த பிறகு ஏந்தினால் பாதிப்பேர் போயிருப்பார்கள். இரண்டு பேர், இரண்டு பக்கமிருந்து. ஒருவர் முன்னாலும் நின்று காத்திருக்காதீர்கள், இல்லாதவருக்கு அது அவமானம். சில்லறையை அங்கேயே எண்ணவும் வேண்டாம், வேனில் போய் எண்ணலாம்.