பால்மரம், மரவள்ளி, ரஃப்லேசியா: மரபுவழி மரம் வரைய உதவி தேவை

வணக்கம். மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு மாலையில் உயிரியல் சொல்லித் தருகிறேன். ஆறாம் படிவ மாணவர்களோடு, சுற்றியுள்ள செடிகளின் மரபுவழி மரத்தை (எது எதற்கு உறவு என்று காட்டும் கிளைப்படத்தை) மரபணு வரிசைகளை வைத்தே வரைய ஆசை.

வெட்டினால் பால் வருகிறது என்று பால்மரத்தையும் (ரப்பர் மரம்) பலாவையும் பிள்ளைகள் சொந்தக்காரர்கள் ஆக்கிவிடுகிறார்கள். பலா, ஆலமரத்தின் குடும்பம். பால்மரத்துக்கு நெருங்கிய உறவு கொல்லையில் நிற்கும் மரவள்ளிதான்; ஆமணக்கும் அதே குடும்பம். பால் சுரக்கும் தன்மை தாவரங்களில் பலமுறை தனித்தனியாக உருவானது. இதை நான் சொல்வதைவிட, கிளை பிரியும் இடத்தை அவர்களே கண்டால் மனதில் நிற்கும்.

ஒளிச்சேர்க்கைக்கு உதவும், பசுங்கணிகத்தில் உள்ள ஆர்பிசிஎல் (rbcL) மரபணுவின் வரிசைகளை, ஜென்பேங்க் என்ற இலவச மரபணுத் தரவுத்தளத்தில் எடுத்துவிடலாம். சிக்கல் ரஃப்லேசியாவில்தான். 2007இல் வந்த ஆய்வு அதை ஆமணக்குக் குடும்பத்துக்குள்ளேயே வைத்தது. நம் பேராக் காட்டுப் பூ, விட மனமில்லை. ஆனால் அது பச்சையமே இல்லாத ஒட்டுண்ணி; ஆர்பிசிஎல் உதவாது. மைட்டோகாண்ட்ரியா மரபணுக்களில் எதை எடுக்கலாம்? பழைய மடிக்கணினியில் ஓடும் இலவச மென்பொருள் எது? அப்புறம், வெளியினமாக (ஒப்பிட்டு வேரைக் காட்ட வைக்கும் தூரத்து உறவாக) எண்ணெய் தரும் செம்பனையை வைத்தால் சரியா? விவரம் தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.