தம்பியிடம் சுடர் வாங்காமல் திரும்பிக்கொண்டேன்: உயிர்ப்பை நம்புகிறேன் என்று நான் எப்படிச் சொல்வது?

கேள்வி (தங்கச்சிமடம், விசைப்படகு மீனவர்):
ஈஸ்டருக்கு முந்தைய இரவு வழிபாடான பாஸ்கா திருவிழிப்பில் பெரிய மெழுகுதிரியிலிருந்து ஏற்றிய சுடர் கைக்குக் கை மாறி எங்கள் வரிசைக்கு வந்தபோது, அதை எனக்குத் தரவேண்டிய இடத்தில் நின்றவன் என் தம்பி. இருவரும் சேர்ந்து வாங்கிய படகின் இஞ்சின் செலவில் தொடங்கிய பிணக்கால் இரண்டு ஆண்டுகளாக நாங்கள் பேசுவதில்லை. நான் பின்வரிசைக்குத் திரும்பி வேறொருவரிடம் பற்றவைத்துக்கொண்டேன். அதன்பின் அல்லேலூயா பாட எனக்கு வாய் வரவில்லை. ஆண்டவர் இயேசு சாவிலிருந்து உயிர்த்தார் என்ற நம்பிக்கை, கோவிலை விட்டு வெளியே வந்தபின் கரையிலும் வீட்டிலும் என்னவாக இருக்கவேண்டும்?

பதில் 1 (பாம்பன், ஓய்வுபெற்ற உபதேசியார்):
தம்பி, யோவான் நற்செய்தியின் 21ஆம் அதிகாரத்தை ஒருமுறை நிதானமாக வாசியுங்கள். இரவு முழுவதும் வலை வீசி ஒன்றும் கிடைக்காத ஏழு சீடர்களும், பிறகு பிடிபட்ட 153 பெரிய மீன்களும் நமக்கு மனப்பாடம். ஆனால் அவர்கள் கரையேறியபோது அங்கே ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்த கரிநெருப்பை நாம் கவனிப்பதில்லை. இயேசு பிடிபட்ட இரவில், தலைமைக் குருவின் முற்றத்தில் சீடர் பேதுரு குளிர்காய்ந்தபடி ஆண்டவரைத் தெரியாது என்று மறுதலித்ததும் ஒரு கரிநெருப்பின் அருகில்தான். மறுதலித்தவனுக்காக உயிர்த்தவர் தாமே நெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் வைத்து, முதலில் சாப்பிட அழைத்தார். "என்மீது அன்பு செலுத்துகிறாயா" என்று மூன்றுமுறை கேட்டது உணவுக்குப் பிறகுதான். யார் குற்றம் செய்தார்களோ அவர்களே முதலில் வரட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை.

பதில் 2 (தொண்டி, வலைக்கூடம் வைத்திருப்பவர்):
ஐயா சொன்னது சரியே. ஆயினும் கணக்கை மூடி மறைத்துவிட்டுச் சமாதானம் என்று சொல்லாதீர்கள். உயிர்த்த உடலிலும் ஆணித் தழும்புகள் இருந்தன. நம்ப மறுத்த சீடர் தோமாவிடம் அவர் அவற்றை மறைக்கவில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் படகு கரையில்தான் நிற்கும். பெரியவர் ஒருவரை நடுவில் வைத்து, இஞ்சின் செலவை இருவரும் எழுதிக் கையொப்பமிடுங்கள்.

பதில் 3 (மூக்கையூர், மீனவரின் மனைவி):
அண்ணா, என் வீட்டுக்காரர் கடைசியாகக் கடலுக்குப் போன விடியற்காலையில் நான் அவரோடு முகங்கொடுத்துப் பேசவில்லை. அவர் உடலும் கிடைக்கவில்லை. சொல்லாமல் விட்ட அந்த ஒரு சொல்லை அவரிடம் சொல்ல எனக்கு இன்னும் ஒரு நாள் உண்டு என்பதுதான், எனக்கு உயிர்ப்பு என்பதன் பொருள். அந்த நம்பிக்கையில்தான் ஒவ்வொரு நாளும் மீன் கூடையைத் தூக்குகிறேன். உங்கள் தம்பியோ ஒரே தெருவில் இருக்கிறார். ஆண்டவர் தரும் நாளுக்காக நீங்கள் ஏன் காத்திருக்கவேண்டும்?

கேள்வி கேட்டவர்:
நேற்று மாலை கிழிந்த மடிவலையை எடுத்துக்கொண்டு தம்பி வீட்டுத் திண்ணைக்குப் போனேன். எதிரே அமர்ந்து அவனும் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டான். இஞ்சினைப் பற்றி இருவருமே பேசவில்லை. இருட்டியபின், சாப்பிட்டுவிட்டுப் போகும்படி அவன் மனைவி சொன்னாள். சாப்பிட்டேன். கணக்கு நோட்டைச் சனிக்கிழமை கொண்டுபோகிறேன்.