13 அடி உயரச் சீலிங்கில் ஒட்டறை, எப்படி எடுப்பது?

கேள்வி (வெள்ளவத்தை)
ரயில் பாதைக்குக் கிட்ட உள்ள பழைய வீடு எங்களுடையது. ஹோல் சீலிங் 13 அடி உயரம். மரச்சட்டம் அடித்த அஸ்பெஸ்டஸ் சீற். கடற்காற்றின் உப்பு ஈரத்தில் தூசி பிடித்து, சட்டத்து மூலையெல்லாம் ஒட்டறை கறுத்து நூல்நூலாகத் தொங்குகிறது. போன தைப்பொங்கலுக்கு முதல் மேசைமேல் கதிரை வைத்து ஏறி, தும்புத்தடியால் தட்டினேன். கதிரை வழுக்கிவிட்டது, நல்லகாலம் சுவரைப் பிடித்துவிட்டேன். ஆனால் கொட்டிய தூசியில் மாமிக்கு இரண்டு நாள் மூச்சு வாங்கியது. அவருக்கு 78 வயது. இந்த முறை அப்படி நடக்கவே கூடாது. ஏணி வாங்குவதா, ஆள் பிடிப்பதா?

கொட்டாஞ்சேனையிலிருந்து
ஏணியே வேண்டாம் அக்கா. புறக்கோட்டை ஹார்ட்வெயார் கடைகளில் பெயின்ட் ரோலருக்குப் பூட்டும் நீட்டுத்தடி இருக்கிறது. முனையில் பழைய பனியனைச் சுற்றி இறுக்கிக் கட்டுங்கள். ஒட்டறையைத் தட்டக் கூடாது. தடியை ஒரே பக்கமாகச் சுழற்றினால் பஞ்சுமிட்டாய் போலச் சுருண்டு வந்துவிடும், தூசியும் கொட்டாது. ஃபேன் இறகுக்குத் தலையணை உறையை மாட்டி உருவுங்கள். எங்கள் வீட்டில் அம்மாதான் அப்படிச் செய்வார்.

தெஹிவளையிலிருந்து
தடி சரி, ஆனால் அஸ்பெஸ்டஸை உலர்வாகத் தேய்க்கவே வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத நார்கள் நுரையீரலில் தங்கிவிடும். நோய் பல வருஷங்கள் கழித்துத்தான் தலைகாட்டும். பெயின்ட் அடித்து, வெடிப்பு இல்லாமல் இருந்தால் பயப்பட வேண்டியதில்லை. துணியை நனைத்துப் பிழிந்து மெதுவாக ஒற்றி எடுங்கள். அதற்கு முதல் ட்ரிப் சுவிட்சை இறக்கிவிடுங்கள். நிலத்தையும் கூட்டாமல் ஈரத்துணியால் துடையுங்கள். வீட்டு வக்யூமால் இழுத்தால் நார் பின்பக்கத்தால் வெளியே வந்துவிடும். பாவித்த துணியைக் கழுவாமல் பையில் போட்டு முடிந்து எறியுங்கள். சீற் வெடித்த இடத்தில் கைவைக்காதீர்கள்.

வெள்ளவத்தை
இரண்டு பேருக்கும் நன்றி. டோர்ச் அடித்துப் பார்த்தேன். பல்ப் ஹோல்டருக்குப் பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்குச் சீற் பெயர்ந்து, ஓரம் பஞ்சாகப் பிரிந்திருக்கிறது. அதற்கு நேர் கீழேதான் மாமியின் சாய்மனைக் கதிரை. இப்போதே முன் அறைக்கு மாற்றிவிட்டேன். அந்த மூலையைத் தொட மாட்டேன், வேலை தெரிந்தவரைக் கூப்பிட்டுச் சீற்றை மாற்றுவோம். மற்றப் பக்கம் ஞாயிறு, மாமியை வத்தளையில் மச்சாள் வீட்டில் விட்டபிறகு.